பெரும் போருக்கு முன் உங்கள் கல்லூரி அணியை எடைபோடுவது எப்படி

மாசி மாதம் பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர்கள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "இந்த முறை எங்கட பெடியள் எப்பிடி?" யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் மோதிவரும் வடக்கின் பெரும் போர், புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் பொன் அணிகளின் போர், யாழ்ப்பாணம் இந்துவும் கொக்குவில் இந்துவும் சந்திக்கும் இந்துக்களின் போர் என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெரிய ஆட்டம் காத்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பாசத்திலிருந்தோ, சென்ற ஆண்டின் முடிவிலிருந்தோதான் பதில் வருகிறது. ஆனால் பருவம் முழுவதும் அணி ஆடிய ஆட்டங்களின் புள்ளி அட்டைகளிலேயே அதற்கான பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. அதைப் படித்தெடுக்கும் முறையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன். நான் மத்திய கல்லூரியின் பக்கம் நிற்பவன். ஆயினும் இந்த முறை எந்தக் கல்லூரி ரசிகருக்கும் பொருந்தும்.

முதலில் பருவத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 19 வயதுக்குட்பட்டோருக்கான பாடசாலைக் கிரிக்கெட் பருவம் வழமையாக ஆண்டின் இறுதி மாதங்களில் சூடுபிடித்து, மாசி, பங்குனியில் பெரும் ஆட்டங்களோடு உச்சத்தை அடைகிறது. இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலத்தில் நமது மைதானங்கள் நாட்கணக்கில் நீரில் கிடக்கும். அதோடு க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் அண்மைய ஆண்டுகளில் அந்தக் காலத்தை ஒட்டியே வந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சை மழை வெள்ளத்தால் இடையில் ஒத்திவைக்கப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே மார்கழி வரையிலான ஆட்டங்களில் அணியின் மூத்த வீரர்கள் இருவர் மூவர் இல்லாதிருப்பதும், வலைப்பயிற்சியே இல்லாமல் அணி களமிறங்குவதும் சாதாரணம். அந்தக் காலத்துத் தோல்விகளைக் கண்டு மனம் சோர வேண்டியதில்லை. வெற்றிகளையும் அதிகம் நம்ப வேண்டியதில்லை. தைப்பொங்கலுக்குப் பிந்திய ஆட்டங்களுக்கு இரட்டிப்பு மதிப்புக் கொடுங்கள்.

இனி இந்தக் கட்டுரையின் மையமான விடயத்துக்கு வருகிறேன். பாடசாலைப் பருவத்தின் இரண்டு நாள் ஆட்டங்களில் பல, நான்கு இனிங்ஸ்களும் முடிவதற்கு முன்பே வெற்றி தோல்வியின்றி முடிவடைகின்றன. முதல் இனிங்ஸில் முன்னிலை பெற்ற அணி அதற்குரிய புள்ளிகளைப் பெறுகிறது. இதனால் அணிகள், தம்மை அறியாமலே, முதல் இனிங்ஸ் முன்னிலையோடு திருப்தி கொள்ளும் பழக்கத்துக்கு ஆளாகின்றன. எதிரணியை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். இரண்டாவது முறை பந்துவீசும்போது களத்தடுப்பு தளர்ந்துவிடுகிறது. தலைவர் பகுதிநேரப் பந்துவீச்சாளர்களுக்குப் பந்தைக் கொடுத்துவிடுகிறார். ஆனால் மூன்று நாட்கள் ஆடப்படும் வடக்கின் பெரும் போரில் வெல்வதற்கு 20 விக்கெட்டுகளையும் வீழ்த்தியாக வேண்டும். பருவத்தில் தொடர்ச்சியாக முன்னிலை பெற்று வந்த அணி, பெரும் போரில் மூன்றாம் நாள் மாலை எதிரணியின் கடைசி இணையைப் பிரிக்க வழி தெரியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். எனவே உங்கள் அணி எத்தனை ஆட்டங்களில் முன்னிலை பெற்றது என்பதை எண்ணுவதை விட, எத்தனை ஆட்டங்களில் இரண்டாவது இனிங்ஸிலும் எதிரணியை நெருக்கியது என்பதை எண்ணுங்கள்.

இதைக் கணக்காகவே செய்துவிடலாம். ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்கள் அணி வீசிய மொத்த ஓவர்களையும் வீழ்த்திய மொத்த விக்கெட்டுகளையும் எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓவர்கள் செலவாகின்றன என்ற எண் கிடைக்கும். என் பார்வையில் பருவம் முழுவதிலும் இதைவிட முக்கியமான எண் வேறில்லை. பேச்சுக்கு, பெரும் ஆட்டத்தில் நாளொன்றுக்கு 80 ஓவர்கள் வீசப்படும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாட்களுக்கு 240 ஓவர்கள். உங்கள் பந்துவீச்சாளர்கள் விக்கெட் ஒன்றுக்கு 7 ஓவர்கள் எடுப்பவர்களானால் 20 விக்கெட்டுகளுக்கு 140 ஓவர்கள் போய்விடும். எஞ்சுவது 100 ஓவர்கள். உங்கள் அணி முதல் இனிங்ஸில் 80 ஓவர்கள் ஆடினால் வெற்றி இலக்கைத் துரத்த 20 ஓவர்களே மிஞ்சும். அதே பந்துவீச்சாளர்கள் 5 ஓவர்களுக்கு ஒரு விக்கெட் எடுப்பவர்களாயின் 100 ஓவர்களில் வேலை முடிந்துவிடும். துரத்துவதற்கு 60 ஓவர்கள் இருக்கும். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையிலான அந்த இரண்டு ஓவர்களில்தான் வெற்றியும் சமநிலையும் பிரிகின்றன. முதல் இனிங்ஸுக்கும் இரண்டாவது இனிங்ஸுக்கும் இந்த எண்ணைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால், நான் மேலே சொன்ன தளர்ச்சி உங்கள் அணியிடம் இருக்கிறதா என்பதும் வெளிப்பட்டுவிடும்.

பந்துவீச்சைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது பகுதியில் மற்றிங் (பாய்) விரித்த ஆடுகளத்திலும் ஆட்டங்கள் நடக்கின்றன, புற்தரை ஆடுகளத்திலும் நடக்கின்றன. மற்றிங்கில் பந்து சீராக எழும்பும். சுழற்பந்தும் நன்றாகப் பிடித்துத் திரும்பும். அங்கே ஒருவர் ஐந்து விக்கெட் எடுத்தார் என்ற செய்தியைப் புற்தரைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. ஆகவே கொப்பியில் ஒவ்வொரு ஆட்டத்தின் எதிரேயும் ஆடுகளம் எது என்பதைக் குறித்துவையுங்கள். இரண்டு வகை ஆடுகளத்திலும் விக்கெட் எடுக்கும் பந்துவீச்சாளர் ஒருவர் இருந்தால் அவரே உங்கள் அணியின் பெருஞ்செல்வம். மணிக்கட்டால் சுழற்றும் பந்துவீச்சாளர்களுக்கு இதில் தனியிடம் உண்டு. மத்திய கல்லூரியில் வளர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காகவும், 2024இல் ஐ.பி.எல். தொடரில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகவும் ஆடியது எங்களுக்கெல்லாம் பெருமை. பாடசாலைத் துடுப்பாட்ட வீரர்களில் பெரும்பாலானோர் அத்தகைய பந்தைக் கையிலிருந்து படிக்கத் தெரியாதவர்கள் என்பதால், இந்த மட்டத்தில் ஒரு நல்ல லெக் ஸ்பின்னர் ஒரு ஆட்டத்தையே திருப்பிவிட முடியும். மறுபக்கத்தில், சென் ஜோன்ஸ் கல்லூரியின் குகதாஸ் மாதுளன் லசித் மாலிங்கவைப் போலக் கையைத் தாழ்த்திச் சுழற்றி, துடுப்பாட்ட வீரரின் காலடியில் விழும்படி வீசும் யோர்க்கர் பந்துகள் எத்தனை பேரின் கவனத்தை ஈர்த்தன என்பதை எதிரணி ரசிகனான நானும் மனமாரச் சொல்வேன்.

ஆனால் நட்சத்திரப் பந்துவீச்சாளர் ஒருவரோடு கணிப்பை முடித்துவிடாதீர்கள். அவர் ஒரு முனையிலிருந்து வீசும்போது மறுமுனையில் யார் வீசுகிறார், எத்தனை ஓட்டங்கள் கொடுக்கிறார் என்பதைப் பாருங்கள். மறுமுனையில் ஓட்டங்கள் கசிந்தால், துடுப்பாட்ட வீரர்கள் நட்சத்திரத்தை மரியாதையோடு தடுத்துவிட்டு மற்றவரிடம் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு 17 வயது மாணவன் பங்குனி வெயிலில் ஒரே நாளில் 25 ஓவர்கள் வீசினால் மறுநாள் அவனிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பருவத்தின் இரண்டு நாள் ஆட்டங்களில் இரண்டாம் நாள் அவன் வீசிய ஓவர்களின் கணக்கு அதற்கு ஓரளவு விடை தரும்.

துடுப்பாட்டத்தைப் பொறுத்தவரை மொத்த ஓட்டங்களில் மயங்காதீர்கள். 180 ஓட்டங்கள் என்பது இரண்டு விதமாக வரலாம். தொடக்க வீரர் ஒருவர் 95 ஓட்டங்கள் எடுக்க மற்றவர்கள் சொற்ப ஓட்டங்களோடு திரும்பியும் 180 வரும். 20 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் போன பின்னர் ஆறாவது, ஏழாவது வீரர்கள் நின்று பிடித்தும் 180 வரும். இரண்டாவது வகை 180ஐப் பருவத்தில் ஓரிரு தடவை கண்டால், பெரும் போரில் முதல் மணி நேரம் கைகொடுக்காவிட்டாலும் அணி குலையாது என்று நம்பலாம். விக்கெட்டுகள் எந்தெந்த ஓட்ட எண்ணிக்கையில் விழுந்தன என்ற வரியை உதயன் போன்ற பத்திரிகைகளின் செய்திகளில் எப்போதும் காண முடியாது. மைதானத்துக்குச் சென்று புள்ளி பதிபவரிடம் பணிவாகக் கேட்டால் காட்டுவார்கள். மூன்று நாள் ஆட்டங்களுக்குக் கிரிக்கெட் விதிகள் வகுத்த பலோ ஒன் எல்லை 150 ஓட்டங்கள், அதாவது முதல் இனிங்ஸில் அவ்வளவு பின்தங்கிய அணியை எதிரணி உடனே மீண்டும் துடுப்பெடுத்தாடச் சொல்லலாம் என்பதையும் மனதில் வைத்திருங்கள். பின்வரிசை சேர்க்கும் நாற்பது ஐம்பது ஓட்டங்கள் அந்த இடத்தில்தான் கல்லூரியின் மானத்தைக் காக்கின்றன.

மட்டுப்படுத்தப்பட்ட ஓவர் ஆட்டங்களிலிருந்து நான் அதிகம் எடுப்பதில்லை. அவற்றில் ஒன்றை மட்டும் பார்ப்பேன்: உதிரிகளாகக் கொடுத்த ஓட்டங்கள். வைட் பந்துகளும் நோ போல்களும் தொடர்ந்து இருபதைத் தாண்டினால் அந்தப் பந்துவீச்சு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை.

புள்ளி அட்டை சொல்லாதவற்றுக்காகக் குறைந்தது இரண்டு ஆட்டங்களையாவது நேரில் பார்க்க வேண்டும். அப்படிப் போனால் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், எதிரணியின் இரண்டு வீரர்கள் நிலைத்து ஆடத் தொடங்கிய பின்னர் உங்கள் தலைவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். களத்தடுப்பாளர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு விக்கெட் தானாக விழும் என்று காத்திருக்கிறாரா, அல்லது ஸ்லிப்பில் ஒருவரை வைத்துக்கொண்டே பந்துவீச்சை மாற்றிப் பார்க்கிறாரா? சுழற்பந்துக்கு விக்கெட் காப்பாளர் ஸ்டம்புகளுக்கு அருகே நின்று சுத்தமாகப் பந்தைப் பிடிக்கிறாரா? பிடி தவறிய பின்னர் மற்றவர்கள் அந்தப் பையனிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்? மூன்று நாள் ஆட்டத்தில் பிடி தவறாத அணி கிடையாது. ஒரு பிடி தவறியதும் தலை கவிழும் அணி அடுத்த அரைமணி நேரத்தையும் சேர்த்தே இழக்கிறது.

எதிரணிகளின் தரத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வந்த பலமான கல்லூரியிடம் 30 ஓட்டங்களால் பின்தங்கிய ஆட்டம், உள்ளூரில் பலவீனமான அணியை நசுக்கிய ஆட்டத்தை விட நல்ல சகுனமாக இருக்கலாம். இரண்டு போட்டிக் கல்லூரிகளும் ஒரே எதிரணியைச் சந்தித்திருந்தால் அந்த இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆனால் மைதானமும் காலமும் ஒன்றாக இருந்தால் மட்டும் அந்த ஒப்பீட்டை நம்புங்கள்.

இறுதியாக அனுபவம். சென்ற ஆண்டு பெரும் போரில் ஆடியவர்களில் எத்தனை பேர் இம்முறையும் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாண்ட் வாத்தியமும் கொடிகளும் பழைய மாணவர் கூட்டமும் சூழ்ந்த மைதானத்தில் முதல் தடவையாகக் காற்காப்பு அணிந்து இறங்கும் மாணவனுக்கு முதல் பத்துப் பந்துகள் வேறோர் உலகம். ஆறு பேராவது அதை முன்பே கண்டவர்களாக இருந்தால் அணிக்குப் பெரும் பலம். முதல் நான்கு துடுப்பாட்ட வீரர்களில் மூவர் புதியவர்களானால் உங்கள் கணிப்பிலிருந்து சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னர் "வெல்வோம்" என்றோ "தோற்போம்" என்றோ ஒரே சொல்லில் முடிக்காமல், வெற்றி, தோல்வி, சமநிலை மூன்றுக்கும் தனித்தனியாகப் பத்துக்கு இத்தனை என்று எழுதிவையுங்கள். விக்கெட்டுக்கு 7 ஓவர்கள் எடுக்கும் இரண்டு அணிகள் மோதினால் சமநிலைக்குத்தான் அதிக பங்கு கொடுக்க வேண்டும். கணிப்பில் மாணவர்களின் பெயர்களைக் குறித்துப் பொதுவெளியில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. அவர்கள் மறுநாள் வகுப்புக்கும் போக வேண்டியவர்கள். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் அந்த எண்களை மீண்டும் திருத்துங்கள். அப்போது பார்க்க வேண்டியது ஓட்ட எண்ணிக்கை மட்டுமல்ல. எத்தனை ஓவர்கள் கழிந்தன, அதற்குள் இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை விக்கெட்டுகள் விழுந்தன என்பதே. முதல் நாளிலேயே 13, 14 விக்கெட்டுகள் விழுந்திருந்தால் சமநிலையின் பங்கைப் பெருமளவு குறைத்துவிடலாம். மூன்றாம் நாள் தேநீர் இடைவேளைக்கு முன்பே முடிவு தெரிந்துவிடக்கூடும்.

ஆட்டம் முடிந்த வாரத்தில், கொப்பியை மூடுவதற்கு முன் ஒரு பக்கத்தை ஒதுக்கி, கல்லூரியை விட்டுச் செல்லும் வீரர்கள் யார், அவர்கள் இவ்வாண்டு எடுத்த விக்கெட்டுகளும் ஓட்டங்களும் எவ்வளவு என்பதை எழுதுங்கள். பின்னர் 17 வயதுக்குட்பட்ட அணியின் ஆட்டங்கள் எப்போது என்று பொறுப்பாசிரியரிடம் விசாரித்து, அந்த விக்கெட்டுகளை அடுத்த ஆண்டு எடுக்கக்கூடியவர் அங்கே இருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள். பார்வையாளர் இல்லாத அந்த ஆட்டங்களில் மர நிழலுக்குப் பஞ்சமிராது.