கடையில் தெரியாத குறைகள்: மின்னணுக் கருவி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றாடம் கையாளும் மின்னணுக் கருவிகள் எரிச்சலூட்டுவதற்குத் தொழில்நுட்பக் கோளாறு பெரும்பாலும் காரணமாவதில்லை; கடையில் பார்த்தவுடன் கண்ணைக் கவர வேண்டும் என்று எடுக்கப்பட்ட முடிவுகளே காரணமாகின்றன.

அவற்றுள் மிகப் பரவலானது, பொத்தான்களை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் தொடுதிரையில் அடக்குவது. மேடும் பள்ளமும் உள்ள பொத்தானை விரல் இருட்டிலும் தேடிக் கண்டுகொள்ளும்; வழவழப்பான கண்ணாடியிலோ ஒவ்வொரு முறையும் கண்ணின் துணை வேண்டும், விரல் ஈரமாக இருந்தால் அதுவும் போதாது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தனர். குழப்பமான தொடுதிரைக் கட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் தெரியவந்ததால், கப்பல்களின் வேகக் கட்டுப்பாட்டைக் கையால் தள்ளும் நெம்புகோலுக்கே திருப்ப 2019-இல் அமெரிக்கக் கடற்படை முடிவு செய்தது. சலவை இயந்திரத்தில் உயிர் போகாது என்பது உண்மைதான். ஆனால் குழப்பத்தின் வேர் ஒன்றே.

அழுத்தியதற்கு உடனே பதில் தராமல் இருப்பதும் இதற்குச் சளைத்த தவறன்று. ஏறத்தாழ 0.1 நொடிக்குள் ஒலியோ ஒளியோ அதிர்வோ வந்தால், செயல் உடனே நடந்ததாக மனம் ஏற்கிறது. எதுவும் வராவிட்டால் கை மறுபடி அழுத்தும். இயக்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான் உள்ள கருவியில் அந்த இரண்டாம் அழுத்தம் முதலாவதை ரத்து செய்துவிடும், பயனரோ கருவி பழுது என்று நினைத்துக்கொள்வார். வேலை முடிய நேரமாகலாம், தவறில்லை. கட்டளை கிடைத்தது என்பதை மட்டும் தாமதமின்றிச் சொல்லிவிட வேண்டும்.

நிலையை நிறத்தால் மட்டும் உணர்த்துவதையும் தவிர்க்க வேண்டும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. நிறத்தோடு ஒரு குறியீட்டையும் சேர்த்தால் சிக்கல் தீர்ந்துவிடும். இரவெல்லாம் அறையை நிறைக்கும் நீல விளக்கை யார் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியாக, செய்தவர்களே சோதித்துப் பார்ப்பது. நீண்ட அழுத்தம் ஒன்று, இரட்டை அழுத்தம் இன்னொன்று என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கருவியை முன்பின் பார்த்திராத ஒருவரிடம், கையேடு தராமல், அட்டையில் செய்த மாதிரியைக் கொடுத்தாலே பாதிக் குறை வெளிப்படும். பிளாஸ்டிக் உறையை வார்ப்பதற்கான அச்சு செய்யப்படுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், ஏனெனில் அதன்பின் ஒரு பொத்தானின் இடத்தை மாற்றவும் பெருஞ்செலவாகும்.