வீட்டுக் கணினியில் குரலும் இசையும் பதிவு செய்ய: அறையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விரும்புவோர் பெரும்பாலும் எந்த மைக்கை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. வெற்றுச் சுவர்கள் சூழ்ந்த அறையில் வைக்கப்படும் விலையுயர்ந்த மைக், அந்த அறையின் எதிரொலியையும் மிகத் துல்லியமாகப் பதிவு செய்து தந்துவிடும். குரலோடு ஒருமுறை கலந்துவிட்ட எதிரொலியைப் பிறகு முழுமையாகப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

முதல் படி: அறை

அறையின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை அடங்கிய பிறகும் கிண்ணத்தைச் சுண்டியதுபோல மெல்லிய ரீங்காரம் தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மெத்தை, தடித்த திரைச்சீலை, துணிகள் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை அதைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அவை வெளிச் சத்தத்தையும் தடுப்பதில்லை, தாழ்ந்த ஒலிகளையும் உறிஞ்சுவதில்லை.

போர்வையை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாடுவதற்கு வழக்கமாகப் பயன்படும் கார்டியாய்ட் வகை மைக், தனக்கு முன்னால் இருந்து வரும் ஒலியையே அதிகம் வாங்கும் என்பதால், பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலிதான் நேராக அதற்குள் நுழைகிறது. ஆகவே போர்வை முதலில் தொங்க வேண்டிய இடம் உங்கள் முதுகுப்பக்கம்.

அடுத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். என் முதல் பதிவின்போது மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தேன். ஆனால் சுவர்க் கடிகாரம் பாட்டு முழுவதும் தாளம் தப்பித் தட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் படி: கருவிகள்

அறை அவ்வளவு அமைதியாக இல்லை என்றால் சுற்றுப்புறச் சத்தத்தைக் குறைவாக வாங்கும் டைனமிக் வகை மைக்கே ஏற்றது. கண்டென்சர் மைக் நுணுக்கமான ஒலிகளையும் வாங்கும், தெருவில் போகும் வண்டியையும் வாங்கும். அது இயங்க, மைக் கம்பி வழியாகவே செல்லும் 48 வோல்ட் மின்சாரமும் (ஃபான்டம் பவர்) தேவை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கும். ஹெட்போன் காதை முழுவதும் மூடும் வகையாக இருக்கட்டும். இல்லையேல் அதில் ஒலிக்கும் பின்னணி இசை கசிந்து குரலோடு பதிவாகிவிடும்.

கருவியிசையும் சேர்க்க விரும்பினால், கணினியிலுள்ள இசைக்கருவி ஒலிகளை வாசிக்க உதவும் மிடி கீபோர்டு ஒன்று போதும். அது கம்பி வழியாக அனுப்புவது ஒலியை அல்ல. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தமாக, எப்போது அழுத்தினீர்கள் என்ற தகவலை மட்டுமே. ஆகவே வாசித்து முடித்த பிறகும் பியானோவை வயலினாக மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: மென்பொருள் அமைப்பு

குரல் மட்டும் போதுமென்றால் இலவசமான ஆடாசிட்டி போதும். பல கருவிகளை அடுக்க வேண்டுமென்றால் ரீப்பர், மேக் கணினியில் கராஜ்பேண்ட் போன்றவை வசதியானவை. பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து (ஒவ்வோர் அளவீடும் ஒரு சாம்பிள்), ஒவ்வொன்றையும் 24 பிட் நுணுக்கத்தில் குறித்துக்கொள்ளும்.

நீங்கள் பாடும் குரல் ஹெட்போனில் சற்றுப் பிந்திக் கேட்டால் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கையை, குறைக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் கொண்ட ஒரு பஃபர் நிரம்பச் சுமார் 21 மில்லி விநாடி ஆகும். 128 சாம்பிளுக்கு 3 மில்லி விநாடிகூட ஆகாது. மிகவும் குறைத்தால் கணினி திணறி, பதிவில் 'டிக்' என்ற வெடிப்புகள் விழும். குரலைக் கணினிக்குள் சுற்றவிடாமல் நேராக ஹெட்போனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டர் வசதி இன்டர்ஃபேஸில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நான்காம் படி: பதிவு

வாய்க்கும் மைக்கிற்கும் ஏறக்குறைய 15 முதல் 20 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். உள்ளங்கையை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்று சொல்லிப் பார்த்தால் கையில் காற்று மோதுவது தெரியும். அந்தக் காற்றுதான் பதிவில் 'டும்' என்று விழுகிறது. வாய்க்கும் மைக்கிற்கும் நடுவே காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரை வைத்து, மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

பாட்டின் மிக உச்சமான வரியைப் பாடிக்கொண்டே, அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி, இன்டர்ஃபேஸில் மைக் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைத் திருகுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி சிதைந்துவிடும், அதைத் திருத்த முடியாது. குறைந்திருந்தாலோ 24 பிட் பதிவில் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். ஒவ்வொரு டேக்கின் (ஒருமுறை பாடிப் பதிவு செய்வதன்) தொடக்கத்திலும் பத்து விநாடி பேசாமல் இருங்கள். இரைச்சலை நீக்கும் கருவிக்கு அந்த மௌனம்தான் மாதிரி.

கோப்பை, ஒலியைச் சுருக்கித் தரம் குறைக்கும் எம்பி3 ஆக அல்லாமல் வேவ் வடிவத்தில் சேமியுங்கள். ஒற்றைத் தடக் குரல் நிமிடத்திற்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் பிடிக்கும். பாட்டின் பெயரையும் டேக் எண்ணையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, கணினியை அணைக்கும் முன் வேறொரு டிரைவிலும் ஒரு நகல் எடுத்துவையுங்கள்.