பின்கட்டில் கிடக்கும் பழைய பைக் எந்த வருஷத்து வண்டி? கண்டுபிடிக்கும் முறை

செட்டிநாட்டுப் பக்கம் பின்கட்டிலோ கார் ஷெட்டிலோ தூசியோடு கிடக்கும் பைக்கைக் காட்டி வயசு கேட்டால், "எங்க ஐயா பர்மாவுலேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது" என்று பதில் வரும். வண்டியின் கழுத்தில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் 'ஐடியல் ஜாவா, மைசூர்' என்று இருக்கும். மைசூரில் ஜாவா தயாரிப்பு தொடங்கியதே 1960-களின் தொடக்கத்தில்தான். பர்மாவிலிருந்து நம்மவர்கள் நடந்தும் கப்பலேறியும் தப்பி வந்தது 1942. ஆக, ஐயா மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் வருஷத்தை வண்டியிடம்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், பென்சில், மெல்லிய வெள்ளைத்தாள், ஒரு பிடி கோலமாவு போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஒரு வண்டிக்கு மூன்று வருஷம் உண்டு. தொழிற்சாலையில் செய்த வருஷம் ஒன்று. கம்பெனி எந்த ஆண்டின் மாடல் என்று விற்றதோ, அது இன்னொன்று. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவான வருஷம் மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 மாடலிலிருந்து என்ஜினிலும் சேஸிலும் (வண்டியின் சட்டம்) பதிக்கும் நம்பருக்கு முன்னால் இரண்டு எழுத்து அடித்தார்கள். முதல் எழுத்து மாதம், இரண்டாவது மாடல் ஆண்டு. 'என்.இ.' என்று இருந்தால் 'என்' அக்டோபர், 'இ' 1971 மாடல். ஆனால் அந்த வண்டி உண்மையில் செய்யப்பட்டது 1970 அக்டோபரில். அங்கே கோடை முடிந்ததும் அடுத்த ஆண்டு மாடலைப் போடத் தொடங்கிவிடுவார்கள். அதே வண்டி விற்காமல் ஷோரூமில் கிடந்து 1972-இல் பதிவாகியிருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் 1972 என்றுதான் இருக்கும். மூன்று பேர் மூன்று வருஷம் சொல்வார்கள், மூவரும் சரியாகவே இருப்பார்கள்.

படி 1: கழுவாதீர்கள், போட்டோ எடுங்கள்

வண்டி கிடக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். தகடு, ஸ்டிக்கர், பழைய பெயின்டின் அடுக்கு, மட்கார்டில் கையால் எழுதிய நம்பர், எல்லாமே சான்று. ஆர்வக்கோளாறில் வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் பாதி போய்விடும்.

படி 2: நம்பரைத் தேடிப் படியுங்கள்

இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். அவசரப்படாதீர்கள்.

சேஸ் நம்பர் பெரும்பாலும் கழுத்தில் இருக்கும். அதாவது ஹேண்டில்பார் திரும்பும் தடித்த குழாயின் பக்கவாட்டில். என்ஜின் நம்பரை சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, கிராங்க்கேஸில் (என்ஜினின் அடிக்கூடு) தேடுங்கள். புல்லட்டில் இடது பக்கம் பாருங்கள்.

எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கெட்டியாக அப்பியிருக்கும். பிரஷை மண்ணெண்ணெயில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். கம்பி பிரஷும் உப்புத்தாளும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு இழுப்பில் அச்சின் விளிம்பு மழுங்கிவிடும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகப்பட்டால் பதில் சொல்ல முடியாது. துரு பலமாக இருந்தால் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். (துருவைப் பற்றியே ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. நம்ம ஊர் வண்டிகளுக்குத்தான் அந்த யோகம் இல்லை.)

காய்ந்ததும் கோலமாவை விரலால் அந்த இடத்தில் தடவி, மேலே இருப்பதைத் துணியால் துடையுங்கள். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாக எழும்பும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். 3, 8, 6 குழப்பம் அப்போதுதான் தீரும். மாவைத் துடைத்துவிட்டு, தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நம்பர் அப்படியே தாளில் வரும். ஆர்.டி.ஓ. வேலைக்கும் இந்தப் பென்சில் பிரிண்ட்தான் கேட்பார்கள். இரண்டு எடுத்து வையுங்கள்.

இப்போது அச்சைக் கவனியுங்கள். ஒரே ஆழம், ஒரே வரிசை, ஒரே எழுத்து வடிவமா? பழைய காலத்தில் கையால் சுத்தியலடித்துப் பதித்ததால் கொஞ்சம் கோணல் இயல்பு. ஆனால் நடுவில் இரண்டு எண் மட்டும் புதுசாக, ஆழமாக இருந்தால், அந்த இடம் சுற்றியுள்ள உலோகத்தைவிடப் பள்ளமாக இருந்தால், வாங்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 3: நம்பர் என்ன சொல்கிறது

17 எழுத்து நம்பர் இருந்தால் அது புதிய காலத்து வண்டி. அதில் பத்தாவது எழுத்து பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். ஆனால் இந்தியக் கம்பெனிகள் எல்லாரும் அந்த இடத்திலேயே போட்டார்கள் என்று நம்ப வேண்டாம். பின்கட்டு வண்டிகளில் இருப்பது சின்ன நம்பர்தான். முன்னால் இருக்கும் எழுத்து மாடலைச் சொல்லும். 'டபிள்யூ.எம்.20' என்றால் பி.எஸ்.ஏ.வின் யுத்தகால ராணுவ வண்டி. '1எல்1' என்றால் யமஹா ஆர்.எக்ஸ்.100. அதற்குப் பின்னால் வரும் எண்ணை, அந்தந்த வண்டிக்கான நம்பர் பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும். வருஷம் உறுதியாகத் தெரிந்த, அதே மாடல் வண்டி வைத்திருப்பவரின் நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் நம்பர் முன்னா பின்னா என்று உடனே தெரிந்துவிடும்.

படி 4: புத்தகத்தைப் படியுங்கள்

ஆர்.சி. புக்கில் உற்பத்தி ஆண்டும் பதிவுத் தேதியும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் குறியுங்கள். சேஸ், என்ஜின் நம்பரை எழுத்து எழுத்தாகப் பென்சில் பிரிண்டோடு ஒப்பிடுங்கள்.

புத்தகம் பங்காளி வீட்டு இரும்புப் பெட்டியில் மாட்டிக்கொண்டதா? நம்பர் பிளேட்டும் கொஞ்சம் பேசும். மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் டி.என். போட்டு மாவட்ட எண் எழுதும் முறை வந்தது. அதற்கு முன் மூன்று எழுத்து, பிறகு எண். அதனால் டி.என்.63 இருந்தால் சிவகங்கைப் பதிவு, டி.என்.55 இருந்தால் புதுக்கோட்டைப் பதிவு, இரண்டுமே அதற்குப் பிந்தையவை. பழைய காகிதத்தில் காரைக்குடி முகவரிக்குக் கீழே 'ராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தால் பயப்படாதீர்கள். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான்.

படி 5: கம்பெனிப் பெயரால் காலத்தைக் குறுக்குங்கள்

புல்லட்தான் இதில் பெரிய தலைவலி. என்ஃபீல்டு இந்தியா 1955-இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டது. அன்றைய வடிவமே பல பத்தாண்டு பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. தோற்றத்தைப் பார்த்து '62 மாடல் என்று சொல்பவர் ஜோசியம் சொல்கிறார். தகட்டில் 'என்ஃபீல்டு இந்தியா' என்ற கம்பெனிப் பெயர் இருந்தால், 1994-இல் ஐஷர் வாங்கிப் பெயர் மாற்றியதற்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

மைசூர் வண்டியில் குறுக்குவது எளிது. ஜாவா என்ற பெயர் 1970-களின் முற்பகுதி வரை, அப்புறம் யெஸ்டி. ரோட்கிங் 1978-இல் வந்தது, தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. மற்ற கம்பெனி வண்டிகளில், ராஜ்தூத் 350 என்றால் 1983-க்கு முன் இருக்க முடியாது. ஆர்.எக்ஸ்.100 1985-இலிருந்து 1996 வரை.

டேங்கில் ஒட்டியிருக்கும் பேட்ஜை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள். டேங்க் கழற்றி மாட்டுகிற சாமான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடுகிறவருக்கும் சென்னை புதுப்பேட்டையில் அலசுகிறவருக்கும் இது தெரியும்.

படி 6: சாமான்களைப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் வண்டியில் லூகாஸ் கம்பெனியின் மேக்னெட்டோ, டைனமோ (வண்டிக்கு மின்சாரம் தரும் சாமான்கள்) இருந்தால் அவற்றின் உடம்பில் மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். '6 54' என்றால் 1954 ஜூன். வண்டி அதற்குக் கொஞ்சம் பிந்தையது என்று கொள்ளலாம், அந்தச் சாமான் வண்டியோடு வந்ததாக இருந்தால். ஸ்பீடோமீட்டரில் மைல் இருந்தால் பழசு என்ற ஒரு சாடை, அதற்கு மேல் மதிப்பில்லை. டயர் தேதி டயருக்கு மட்டும்தான்.

எல்லாம் ஒத்துப்போகாவிட்டால்?

பாதி வண்டிகளில் ஒத்துப்போகாது. என்ஜின் ஒரு வருஷம், சேஸ் ஒரு வருஷம் என்றால் சேஸின் வருஷத்தையே வண்டியின் வருஷமாக எடுங்கள். என்ஜின் மாற்றம் ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். ஏறாத வண்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருந்தால், 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டவும் முடியாது. குன்றக்குடிக்குத் தினமும் போய்வர நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். விண்டேஜ் பதிவு வேண்டும் என்பவர்கள், பெயின்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் படி 1-இல் எடுத்த படங்களை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் விசாரியுங்கள்.