வேலிக்கு வெளியே எழுதாமல் விட்டது: துண்டுக் காடுகளில் பறவை எண்ணுவோருக்கு

போன ஞாயிறு விடிய முன்பே புறக்கோட்டையில் பஸ் ஏறி, இங்கிரிய பக்கத்துக் காடொன்றுக்கு ஐந்து இளையவர்களோடு போயிருந்தேன். உள்ளே இரண்டரை மணித்தியாலம். எல்லோருடைய கொப்பியும் நிறைந்திருந்தது: நேரம், இனம், எண்ணிக்கை, எந்த உயரத்தில் இருந்தது, கண்டதா கேட்டதா. காட்டை விட்டு வெளியே வந்து இறப்பர் மரங்களுக்குக் கீழே நடக்கத் தொடங்கியதும் ஐந்து பேரும் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்கள். "அண்ணா, இனி ரோட்டுக்குத்தானே?" என்றாள் ஒரு தங்கச்சி.

எனக்குப் பகீரென்றது. பதினான்கு வருடங்களுக்கு முன் நானும் அதே இடத்தில்தான் கொப்பியை மூடினேன்.

அட்டைக்கடி, பளிச்சென்ற சட்டை, காட்டுக்குள் சத்தமாகக் கதைப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை இரண்டு மூன்று பயணங்களில் தானாகத் திருந்திவிடும். கீழே உள்ளவை தானாகத் திருந்தாத பிழைகள்.

சுற்றியிருப்பதை ஒரே நிறத்தில் தீட்டுவது

கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கமோ ஹொரணைப் பக்கமோ போனால், ஈரவலயக் காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காடு ஓரளவு பெரியது. மற்றவற்றில் பல, அரை நாளில் சுற்றி வந்துவிடக் கூடியவை.

படித்துவிட்டு வருகிறவர்கள் இவற்றைத் தீவுகளாக நினைக்கிறார்கள். 1967இல் மக்ஆர்தர், வில்சன் என்ற இரு சூழலியலாளர்கள் தீவுகளைப் பற்றி முன்வைத்த கோட்பாடு அப்படியே மனதில் இருக்கும்: துண்டு எவ்வளவு பெரியது, பெருங்காட்டிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை இனம் வாழும் என்று சொல்ல இவ்வளவும் போதும் என்று. தீவைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல்தான். நம் துண்டுக் காட்டைச் சுற்றி இருப்பதோ இறப்பர், தேயிலை, முள்ளுத்தேங்காய் (எண்ணெய்ப்பனை), அன்னாசி, பலாவும் கமுகும் நிற்கும் வீட்டுத்தோட்டம். பறவைக்கு இவை ஒன்றல்ல.

நான் ஒன்பது துண்டுகளில் பதினான்கு மாதம் எண்ணினேன். வரைபடத்தில் காட்டுக்குப் பச்சை, மற்ற எல்லாவற்றுக்கும் சாம்பல். கடைசியில் எண்களைப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. ஆகச் சிறிய துண்டொன்றில் செம்மஞ்சள் அலகுச் சிலம்பன் கூட்டம் தவறாமல் வந்திருந்தது. அதைவிட நான்கு மடங்கு பெரிய துண்டில் மாதத்துக்கு ஒருமுறை கண்டாலே பெரிய விஷயம். கூட்டலில் பிழை என்று நினைத்து மூன்று மாதம் அதே எண்களோடு மல்லுக்கட்டினேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

சிறிய துண்டை ஒட்டி, பால் வெட்டாமல் விட்ட கிழட்டு இறப்பர். அதன் கீழே இடுப்பளவு பற்றை. அதைத் தாண்டினால் அடுத்த காடு வரை பலாவும் தூரியனும் நிற்கும் வீட்டுத்தோட்டங்கள். பெரிய துண்டைச் சுற்றியோ, புல்லைக்கூட விட்டுவைக்காமல் துப்புரவாக்கிய இறப்பரும் நிழல்மரம் இல்லாத தேயிலையும். இது எனக்கு உறைத்து, அளந்து எழுதலாம் என்று திரும்பிப் போனபோது, அந்தக் கிழட்டு இறப்பரை மறுநடுகைக்காக அடியோடு வெட்டியிருந்தார்கள். பற்றை எவ்வளவு உயரம், நிழல் எவ்வளவு, வேலி எங்கே ஓடியது, ஒன்றும் என் கொப்பியில் இல்லை. செய்மதிப் படத்தில் மரங்களின் முடி தெரியும். அதன் கீழே என்ன வளர்ந்திருந்தது என்று தெரியாது. அந்த உழைப்பின் முக்கியமான பாதி போனது போனதுதான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

சிலம்பன்கள் தேயிலை ஓரத்தில் என்ன செய்கின்றன என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்த கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இருக்கும், மேலே ஒரு கொண்டைக் கரிச்சான். விளிம்பு வரை கீச்சிட்டுக்கொண்டு வந்து, கடைசிச் செடியில் நின்று, வந்த வழியே திரும்பின. நாற்பது மீற்றர் தள்ளி, கொடி படர்ந்த கிளிரிசீடியா வேலி ஒன்று தேயிலையை ஊடறுத்து ஓடியது. அந்த வேலியின் அடிக்கு வந்ததும் ஒன்று தாவியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே அந்தப் பக்கம் போய்விட்டன. சிங்கராஜக் காட்டில், பல இனங்கள் சேர்ந்து இரைதேடித் திரியும் இத்தகைய கலப்புக் கூட்டமொன்றில் சராசரியாக ஏறக்குறைய 11 இனங்களும் 40 பறவைகளும் இருக்கும். சிலம்பனும் கரிச்சானும் நகர்ந்தால்தான் மற்றவை நகரும். ஆகவே அந்த வேலியை வெட்டினால் சிலம்பனுக்கு மட்டும் வழி அடைபடுவதில்லை.

ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்கா இதற்கு நல்ல சாட்சி. 86 ஹெக்டேயர். 1930களில் சுற்றியிருந்த மரக்காடு அழிந்து தனித்துப்போனது. 1932க்கும் 1952க்கும் இடையில் அங்கே இனப்பெருக்கம் செய்த 62 இனங்களில் 20 இனங்கள் 1980களின் முற்பாதிக்குள் இல்லாமல் போயின. முதலில் போனவை எவை? தொடக்கத்திலேயே குறைவாக இருந்தவையும், வெளியே சுற்றுவட்டாரத்தில் அரிதாக இருந்தவை அல்லது இல்லவே இல்லாதவையும். பூங்காவுக்குள் மரம் அப்படியேதான் நின்றது.

எனவே காட்டு விளிம்பிலிருந்து நான்கு திசையிலும் குறைந்தது 200 மீற்றர் நடந்து எழுதுங்கள்: என்ன பயிர், கீழ்ப்பற்றை எவ்வளவு உயரம், மேலே நிழல் மூடியிருக்கிறதா, களைநாசினி அடிக்கிறார்களா, உயிர்வேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. காணிக்காரரிடம் இறப்பருக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். முப்பதை எட்டியிருந்தால் வெட்டும் நாள் தூரத்தில் இல்லை. ஞாயிறன்று அந்தத் தங்கச்சியைத் திரும்பக் கூட்டிப்போய் பற்றையை அளக்கச் சொன்னேன். அளவுநாடா இல்லை, தன் முழங்கையால் அளந்து எழுதினாள். அதுவே போதும்.

மொத்த எண்ணிக்கையில் நிம்மதி அடைவது

"அங்கேயும் 38 இனம், இங்கேயும் 38 இனம்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எந்த 38? அடர்ந்த கீழ்ப்பற்றை வேண்டி நிற்கும் பச்சை அலகுச் செண்பகம் போன இடத்தில், வெள்ளவத்தை மதிலில் நடக்கும் சாதாரணச் செண்பகம் வந்து நின்றாலும் கணக்கு ஒன்றுதான். மைனா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு எல்லாம் திறந்த நிலத்தோடு கூடவே உள்ளே வரும். காட்டை விட்டு வாழ முடியாதவற்றைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். அந்தப் பட்டியல்தான் முதலில் சுருங்கும்.

வெட்டிய மறுவருடமே தீர்ப்பு எழுதுவது

பிரேசிலின் மனாவுஸ் அருகே 1979இல் தொடங்கிய துண்டுக்காட்டு ஆய்வில், சுற்றியிருந்த காட்டை வெட்டியதும் துண்டுக்குள் ஆய்வாளர்கள் விரித்த வலையில் விழுந்த பறவைகள் கூடின. வெளியே வீடிழந்தவை உள்ளே ஒதுங்கியதுதான் காரணம். பிறகு எண்ணிக்கை இறங்கியது. மேய்ச்சல் நிலத்தைக் கைவிட்டு, செக்ரோபியா மரங்கள் தாமாக வளர்ந்த இடங்களில், விட்டுப்போன கலப்புக் கூட்டங்கள் துண்டுகளுக்குத் திரும்பின. துண்டின் அளவு மாறவில்லை, பக்கத்து நிலம்தான் மாறியது.

தேயிலையில் கண்ணால், காட்டில் காதால்

திறந்த தேயிலையில் பறவையைக் கண்டு எண்ணுவோம், அடர்ந்த காட்டில் பெரும்பாலும் குரலைக் கேட்டு எண்ணுவோம். இரண்டையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். எங்கும் நின்ற இடத்திலிருந்து ஒரே ஆரைக்குள், ஒரே அளவு நிமிடங்கள் எண்ணுங்கள்.

விளிம்பில் குப்பை

இருந்தால் குறியுங்கள். காகம் வரும், கூட்டில் முட்டை மிஞ்சாது.

ஒரே பருவத்தில் மட்டும் போவது

இறப்பர் தை, மாசியில் இலை உதிர்க்கும். அந்த வெயிலில் நடந்துவிட்டு "இறப்பரில் பறவையே இல்லை" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வலசைப் பறவைகளும் கணக்கில் சேரும். அதே மரங்களுக்குக் கீழே ஆனியில் இன்னொருமுறை நடந்துவிட்டு எழுதுங்கள்.