தூண்டில் நரம்பை ரீலில் சுற்ற வீட்டிலேயே ஒரு ஸ்டாண்ட்

பலகையில் ஒரு கட்டையை நிமிர்த்தி அடித்து, அதில் 8 மி.மீ. தடிமனுள்ள நீளமான போல்ட்டைப் படுக்கைவாட்டில் இறுக்குங்கள். வாஷர், நரம்பு ஸ்பூல் (நரம்பு சுற்றி வரும் உருளை), இன்னொரு வாஷர், ஸ்பிரிங், கடைசியில் விங் நட் (கையால் திருகும் காது வைத்த நட்) என்று கோத்துவிட்டு நட்டைத் திருகத் திருக ஸ்பூல் இறுகும். நரம்பை இழுத்தால் வெட்டி வெட்டி வராமல், லேசாக முரண்டு பிடித்தபடி சீராக வர வேண்டும், அதுதான் பதம். சுழற்சியில் நட் கழன்றுவரும், அதனால் பின்னாலேயே இன்னொரு நட் போடுங்கள் (நான் போடாமல் விட்டு, கட்டிலுக்கடியில் உருண்ட ஸ்பூலோடு சிக்கெடுத்தேன்).

இது பெய்ட்காஸ்டருக்கு (நரம்பு சுற்றும் உருளையே சுழலும் ரீல்) சரி. ஸ்பின்னிங் ரீல் (உருளை சுழலாமல் நிற்க, நரம்பு அதைச் சுற்றி விழும் ரீல்) என்றால் நரம்பு ஸ்பூலைத் தரையில் படுக்கப்போட்டு, ஈரத்துணியால் நரம்பைப் பிடித்தபடி 10 சுற்று சுற்றித் தளர்த்திப் பாருங்கள். முறுக்கு விழுந்தால் ஸ்பூலைத் திருப்பிப் போடுங்கள். ரீல் உருளையின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நரம்பை நிறுத்திவிடுங்கள், ஆசைப்பட்டு நிரப்பினால் வீசும்போது கொத்தாகக் கொட்டும்.