சொந்தமாகக் கட்டும் விமானத்தில் கையால் திருப்பும் மாஸ்டர் ஸ்விட்ச்

பெரும்பாலான சிறு விமானங்களில் பேட்டரி மின்சாரத்தை மொத்தமாக இணைக்கவும் துண்டிக்கவும் விமானி தட்டும் மாஸ்டர் ஸ்விட்ச், பேட்டரிக்கு அருகிலுள்ள கான்டாக்டர் எனும் மின்காந்த ஸ்விட்சின் சுருளை மட்டுமே இயக்குகிறது. ஸ்டார்ட்டருக்குச் செல்லும் பெரு மின்னோட்டத்தைக் கான்டாக்டர்தான் தாங்குகிறது. பறக்கும் நேரம் முழுவதும் அந்தச் சுருள் ஏறக்குறைய 1 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாகக் கையால் திருப்பும் கனமான ஸ்விட்சையே பேட்டரியின் நேர்முனைக் கம்பியில் வைத்தால் அந்தச் செலவு மிச்சமாகும். கான்டினென்டல் ஓ-200 எஞ்சினும், இருக்கைக்குப் பின்னால் 12 வோல்ட் பேட்டரியும் உள்ள இருவர் விமானத்தை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலில் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். தோள்பட்டை பெல்ட்டை இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கையை நீட்டி ஸ்விட்சைத் திருப்பிப் பாருங்கள். விமானி அறைக்குள் புகை சூழும்போது உங்கள் நிலை அதுவாகத்தான் இருக்கும். கை எட்டவில்லையென்றால், நீண்ட இழுகம்பி வைத்துச் சமாளிப்பதைவிடக் கான்டாக்டருக்கே திரும்பிவிடுவது நல்லது என்பது என் கருத்து. பேட்டரிக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலுள்ள கம்பியை எந்த ஃபியூஸும் காப்பதில்லை என்பதால், அது இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும்.

தொடர்ச்சியாக 100 ஆம்பியருக்குக் குறையாமலும், ஸ்டார்ட் செய்யும் சில விநாடிகளுக்கு 300 ஆம்பியர் வரையிலும் தாங்கும் ஸ்விட்சைத் தேர்ந்தெடுங்கள். சாவி கழன்று வரும் வகை வேண்டாம். மெல்லிய அலுமினியத் தகட்டில் நேராகப் பொருத்தினால் அதிர்வில் விரிசல் விடக்கூடும். பின்புறம் இன்னொரு தகட்டை ரிவெட் அடித்து வலுப்படுத்துங்கள். வேலை தொடங்கும்போது பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, முடிக்கும்போது அதையே கடைசியாக மாட்ட வேண்டும். கம்பி நுனியில் பொருத்தும் உலோக வளையமான லக்கின் முகம் ஸ்விட்சின் தொடுபரப்பில் நேரடியாகப் படிய வேண்டும். இடையில் வாஷர் கூடாது. முனைகளுக்கு ரப்பர் உறை போடுங்கள்.

பலர் தவறவிடுவது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைத்தான். அது ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் துண்டித்தால், மின்னழுத்தம் திடீரென எகிறி ரேடியோவையும் பிற கருவிகளையும் கெடுத்துவிடலாம். தொழிற்சாலை விமானங்களில் காணும் இரட்டை ராக்கர் ஸ்விட்சில், பேட்டரிப் பாதி அணையும்போது ஆல்டர்னேட்டர் பாதியும் சேர்ந்தே அணையும். கைப்பிடி ஸ்விட்சில் இந்தப் பிணைப்பு போய்விடுகிறது. ஆகவே ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஃபீல்டு கம்பிக்குத் தனி ஸ்விட்ச் வைத்து, அதை முதலில் அணைப்பதை வழக்கமாக்க வேண்டும். புகைக்கு நடுவே அந்த வரிசை யாருக்கு நினைவிருக்கும் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வியே. அதனால்தான் பந்தயக் கார்களுக்கான சில ஸ்விட்சுகளில் இருப்பதுபோல், ஃபீல்டையும் கூடவே துண்டிக்கும் துணைத் தொடுமுனைகள் உள்ளதை நான் விரும்புகிறேன்.

சோதனைக்கு, பேட்டரி இல்லாமலே எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களை அணைத்து, எரிபொருளையும் அடைத்து, புரொப்பெல்லர் அருகில் ஒருவரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஸ்விட்சின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் மின்னழுத்தம் பாருங்கள். 200 ஆம்பியர் ஓடும்போது அங்கே 0.2 வோல்ட் இழப்பு என்றால் 40 வாட் வெப்பம் அந்த இணைப்பிலேயே பிறக்கிறது, 0.1 வோல்ட்டைத் தாண்டினால் நான் லக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்வேன். பின்பு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஃபீல்டையும் பேட்டரியையும் வரிசையாக அணைத்தால் கருவிகள் அணைய, மேக்னெட்டோவால் ஓடும் எஞ்சின் மட்டும் நிற்காமல் ஓட வேண்டும். மின்னணு இக்னிஷன் வைத்திருப்பவர்கள், அதற்கு மாஸ்டர் ஸ்விட்சைச் சாராத தனி ஃபியூஸும் தனி ஸ்விட்சும் கொண்ட கம்பியைப் பேட்டரியிலிருந்தே எடுத்த பிறகுதான் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும்.