காய்ச்சல் மருந்து: டிராப்ஸ், சிரப் குழப்பத்தை சரி பண்ண விதம்
பாப்பாவுக்கு காய்ச்சல்னா எங்க வீட்ல பாராசிட்டமால் டிராப்ஸ், சிரப் ரெண்டும் இருக்கும், நான் வேலைக்குப் போனா அத்தைதான் குடுப்பாங்க, எது எவ்வளவுன்னு ஒவ்வொரு தடவையும் போன். சரி பண்ணியே ஆகணும்னு லேபிளைப் படிச்சேன். டிராப்ஸ்ல 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்ல 5 மில்லிக்கு 250, அதாவது டிராப்ஸ் ரெண்டு மடங்கு ஸ்ட்ராங்! கைக்குழந்தை மருந்துதானே, மைல்டா இருக்கும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, ரொம்ப ஆபத்து அது.

டாக்டர் கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு போட்டாரு, பாப்பா 10 கிலோ, அப்போ 150, சிரப்ல 3 மில்லி. டிராப்ஸை வீட்லேர்ந்தே எடுத்துட்டேன். ஸ்பூன் ஒண்ணொண்ணும் ஒரு அளவு, அதனால மெடிக்கல்ல ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி 3 மில்லில மார்க்கரால கோடு போட்டேன், குழந்தையை உக்கார வச்சு கன்னத்து ஓரமா மெதுவா விடணும், தொண்டைக்கு நேரா அடிச்சா புரையேறும். ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர், குடுத்தவங்க உடனே டைம் எழுதணும், 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 தடவைக்கு மேல கிடையாது. சளி சிரப் சிலதுலயும் பாராசிட்டமால் கலந்திருக்கு, அதையும் பாத்துக்குங்க. இப்ப ராத்திரி எங்க வீட்டுக்காரர் குடுத்திருந்தாலும் அத்தை பேப்பரைப் பாத்துட்டுதான் பாட்டிலைத் தொறக்குறாங்க.